சாத்தன்: ஒரு பழம்பெயரின் வேரும் பொருளும் வழக்கும்

தமிழ் இலக்கணம் படித்த எவரும் சாத்தனைத் தெரியாது என்று சொல்ல முடியாது. தொல்காப்பிய உரைகளில் வருகிறவனும் போகிறவனும் உண்கிறவனும் அவன்தான். எழுவாய்க்கு ஓர் ஆள் வேண்டும் என்றால் உரையாசிரியர்கள் முதலில் கூப்பிடுவது சாத்தனை. அவனுக்குத் துணையாகக் கொற்றனை. ஆனால் இன்று பிறக்கும் ஆண் குழந்தைக்குச் சாத்தன் என்று பெயர் வைக்கும் வீட்டைக் காண்பது அரிது. பள்ளி வருகைப் பதிவேட்டில் இளங்கோவும் கபிலனும் செழியனும் பாரியும் உண்டு, சாத்தன் இல்லை.

ஒரு காலத்தில் இது தமிழ் வழங்கிய நிலமெங்கும் பரவியிருந்த பெயர். குறுநிலத் தலைவரும் கூல வணிகரும் புலவரும் கடலோடிய வணிகரும் இதைத் தாங்கினார்கள். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன பொருள் தந்தது, ஏன் அருகியது என்ற மூன்று கேள்விகளையும் ஒருசேர எடுத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். குழந்தைப் பெயர்ப் புத்தகங்கள் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே சொல்லைப் பொருளாக எழுதி முடித்துவிடுகின்றன. சாத்தன் போன்ற பெயருக்கு அந்த முறை போதாது. சொல்லின் வேர் ஒரு பங்கைத்தான் சொல்லும். மீதியைப் பெயரைச் சுமந்து வாழ்ந்தவர்களிடம்தான் கேட்டறிய வேண்டும்.

பாட்டில் சாத்தன்

முதற்சான்று சங்கத் தொகை நூல்கள். பாடிய புலவர்களில் பத்துப் பேருக்கும் மேல் சாத்தன் என்ற பெயருடையவர்கள். ஆலம்பேரிச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், தொண்டி ஆமூர்ச் சாத்தனார், பிரான் சாத்தனார், மோசிசாத்தனார், பேரிசாத்தனார், அழிசி நச்சாத்தனார் என்று வரிசை நீளுகிறது. கருவூரிலிருந்து மட்டும் கதப்பிள்ளைச் சாத்தனார், பூதஞ்சாத்தனார், சேரமான் சாத்தன் ஆகியோர் வருகிறார்கள். ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் அடைமொழியும் சேர்த்தால்தான் எந்தச் சாத்தன் என்று தெரியும் என்ற நிலை இருந்திருக்கிறது. ஒரு பெயர் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு இந்த அடைமொழிகளே போதிய சான்று.

பெண்பாலிலும் இப்பெயர் உண்டு. ஒரே மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியார் (புறநானூறு 279) பெயரிலிருப்பது சாத்தி. போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் பாடிய புலவர் சாத்தந்தையார். சாத்தன், தந்தை என்ற இரண்டும் புணர்ந்து சாத்தந்தை ஆகும் என்பது தொல்காப்பியம் வகுத்த புணர்ச்சி. அந்தச் சொல் இன்றும் கொங்கு வேளாளர் கூட்டப் பெயர்களுள் ஒன்றாக உயிரோடிருக்கிறது. சங்கப் புலவர் ஒருவரின் பெயரையே இன்றைய திருமணப் பேச்சில் குலப்பெயராகக் கேட்க முடிகிறது.

பாடப்பட்டவர்களிலும் சாத்தன்கள் உண்டு. ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடிய பாட்டு (புறநானூறு 242) தமிழின் கையறுநிலைப் பாடல்களுள் மிகச் சிறியதும் மிக ஆழமானதுமாகும். சூடுவாரும் கொய்வாரும் இல்லாத நாட்டில், தலைவன் போன பிறகும் பூக்கிறாயா என்று முல்லைக்கொடியைப் பார்த்துக் கேட்கிறார் புலவர். அந்தப் பாட்டு இறந்தவனைக் குறிப்பது சாத்தன் என்ற பெயரால். பிடவூர் கிழான் மகன் பெருஞ்சாத்தனை நக்கீரர் பாடினார் (395). பாண்டியன் கீரஞ்சாத்தனை ஆவூர் மூலங்கிழார் பாடினார் (178). இவர்கள் வேளும் கிழாரும் வேந்தர் குடியினருமாகிய தலைமக்கள்.

பெருந்தலைச் சாத்தனார் வரலாறு தனியே சொல்லத் தக்கது. தம்பியிடம் நாட்டை இழந்து காட்டில் வாழ்ந்த குமணனிடம் வறுமையோடு போய் நிற்கிறார் இவர். கொடுக்க எதுவும் இல்லாத குமணன், தன் தலையைக் கொண்டுபோய்ப் பரிசு பெறுமாறு வாளை நீட்டுகிறான். புலவர் அந்த வாளை இளங்குமணனிடம் கொண்டுபோய்க் காட்டி, நடந்ததைப் பாடலாகச் சொல்கிறார் (165). கொடையின் எல்லையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தமிழர் சொல்லும் கதை இது. குமணன் பெயர் எல்லார் நினைவிலும் நிற்கிறது. அந்தக் கொடைக்குச் சாட்சியாக நின்றவர் சாத்தன் என்பதும் நினைவில் நிற்க வேண்டும்.

கல்லிலும் ஓட்டிலும்

இலக்கியம் ஏடுகளில் படியெடுக்கப்பட்டு வந்தது. கல்வெட்டு எழுதிய நாளின் எழுத்தோடு அப்படியே நிற்கிறது. திருப்பரங்குன்றத்துக் குகையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறித்த ஒரு கல்வெட்டு எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் போலாலையனின் கொடையைச் சொல்கிறது. அதில் வரும் இன்னொரு பெயர் நெடுஞ்சாத்தன். அக்காலத்தில் இரட்டை மெய்யை ஒற்றையாக எழுதும் வழக்கம் இருந்ததால் கல்லில் அது ‘நெடுசாதன்’ என்றே காணப்படும். துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த ஒரு நற்செயலில், கடல் கடந்த ஈழத்தின் பெயரும் சாத்தன் பெயரும் ஒரே கல்லில் சேர்ந்திருக்கின்றன.

அதே எழுத்து முறை செங்கடல் கரையிலும் தென்படுகிறது. எகிப்தின் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1978க்கும் 1982க்கும் இடையே அகழ்ந்தபோது, தமிழ்ப் பிராமியில் பெயர் கீறிய இரண்டு பானை ஓடுகள் கிடைத்தன. ஒன்றில் ‘கணன்’, மற்றதில் ‘சாதன்’. கண்ணன், சாத்தன் என்பதே அவற்றின் உச்சரிப்பு. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை அவை. பருவக்காற்றைப் பிடித்து அரபிக்கடலைக் கடந்து, தன் பானையில் தன் பெயரைக் கீறி வைத்த தமிழன் ஒருவனின் பெயர் சாத்தன். நாட்டுக்கு வெளியே கிடைத்த மிகப் பழைய தமிழ் ஆட்பெயர்களுள் இதுவும் ஒன்று என்பது இந்தப் பெயரின் பெருமைக்குப் போதும்.

எட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். மறுபடியும் திருப்பரங்குன்றம். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் உயர் அலுவலரான சாத்தன் கணபதி, குன்றின் வடபுறக் குடைவரைக் கோயில் திருப்பணியைக் கலியாண்டு 3874இல், அதாவது கி.பி. 773இல் செய்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. கரவந்தபுரத்து மருத்துவர் குடியைச் சேர்ந்தவர் அவர். அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் இடம் எடுத்தார். முருகனின் முதற்படைவீடாக இன்று மக்கள் திரளும் கோயில் அது.

இந்தப் பெயர்களை அருகில் வைத்துப் பார்த்தால் ஒரு நுட்பம் தெரியும். அக்காலத்து முறையில் முதலில் நிற்பது தந்தை பெயர். சாத்தன் கணபதி என்றால் சாத்தனின் மகன் கணபதி. நக்கன் கொற்றி என்றால் நக்கனின் மகள் கொற்றி. தந்தை தலைமுறையில் சாத்தன். மகன் தலைமுறையில் விநாயகர் பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில் புதுக்கோட்டை நார்த்தாமலையில் குடைவரை எடுத்த சாத்தன் பழியிலி என்ற முத்தரையர் குடித் தலைவர் பெயரும் இதே அமைப்பில் உள்ளது. இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு காலத்தையே தீர்ப்பிட முடியாது. ஆனால் பக்தி இயக்கம் ஓங்கிய நூற்றாண்டுகளில் பெயரிடும் மனம் எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை இவை காட்டுகின்றன. சோழர் காலத்திலும் சாத்தன் தொடர்ந்தான். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயர்த் தொகுதி போன்ற உழைப்புகள் இத்தகைய பெயர்களை ஊர் ஊராகத் தொடர வழி தருகின்றன.

உரையாசிரியர் கண்ட சாத்தன்

இளம்பூரணர், சேனாவரையர், நச்சினார்க்கினியர் முதலியோர் எடுத்துக்காட்டுக்குச் சாத்தனைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. இலக்கணம் விளக்க எல்லாருக்கும் பழகிய பெயர்தான் வேண்டும். இயற்பெயர் என்ற வகைக்குச் சாத்தன், கொற்றன், சாத்தி, கொற்றி ஆகியவையே அவர்கள் கையில் எப்போதும் இருந்த பெயர்கள். தந்தை பெயரும் மகன் பெயரும் சேரும் புணர்ச்சிக்குச் சாத்தங்கொற்றன் என்பது எடுத்துக்காட்டு.

இன்னொன்றும் இவர்கள் வாயிலாகத் தெரிகிறது. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களுக்கும் சாத்தனே உதாரணம். ஓர் ஆளும் சாத்தன். ஓர் எருதும் சாத்தன். வீட்டு எருதுக்கு ஆள் பெயரை வைத்துச் செல்லமாக அழைக்கும் உழவர் வழக்கம் இன்றும் உண்டு. மக்கள் நாவில் அன்றாடம் புழங்கிய பெயரைத்தான் எருதுக்கும் வைப்பார்கள். இந்தச் சிறு குறிப்பு ஒன்றே சாத்தன் எவ்வளவு வீட்டுப் பெயராக இருந்தது என்பதைக் காட்டிவிடுகிறது.

பொருள் பற்றிய மூன்று கருத்துகள்

இனி வேர். சாத்தன் என்ற சொல்லுக்கு முக்கியமாக மூன்று விளக்கங்கள் உள்ளன.

முதலாவது வணிகம் சார்ந்தது. சாத்து என்றால் கூட்டமாகச் செல்லும் வணிகர். வழிப்பறிக்கு அஞ்சி, பொதி சுமந்த கழுதைகளோடும் எருதுகளோடும் வண்டிகளோடும் காவலர் துணையோடும் பெருவழியில் சென்றவர்கள் அவர்கள். சங்கப் பாடல்களில் சாத்தை எதிர்ப்பட்டுக் கொள்ளையிடும் ஆறலைகள்வர் பாலைத்திணையில் வருகிறார்கள். வடமொழியின் ‘சார்த்த’, பிராகிருதத்தின் ‘சத்த’ ஆகியவற்றோடு இச்சொல்லைச் சேர்ப்பர். சார், சார்த்து, சாத்து என்று தமிழ் வேரிலிருந்து காட்டுவோரும் உண்டு. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரை இந்த வழியில் பெருவணிகன் என்று பொருள்கொள்வது எளிது.

இரண்டாவது ஆசான் என்ற பொருள். வடமொழியில் ‘சாஸ்தா’ என்றால் கற்பிப்பவர், ஆணையிட்டு நெறிப்படுத்துபவர். பாலியில் அது ‘சத்தா’. அமரகோசம் புத்தரின் பெயர்களுள் ஒன்றாகச் சாஸ்தாவைத் தருகிறது. ஆகவே புத்தரைப் போற்றிய குடும்பங்கள் குழந்தைகளுக்கு இட்ட பெயரே சாத்தன் என்பது ஒரு கொள்கை. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் இந்தக் கருத்தை வலுவாக எடுத்துரைத்தார். புத்தரைக் குறித்த சாத்தன் பிற்காலத்தில் ஐயனாராக மாற்றப்பட்டார் என்பது அவர் முடிவு.

மூன்றாவது தெய்வப் பெயர். பழைய நிகண்டுகள் ஐயனார் பெயர்களுள் ஒன்றாகச் சாத்தனை வைக்கின்றன. ஊர் எல்லையில் ஏரிக்கரையில் வீற்றிருந்து, செண்டு ஏந்தி, வெள்ளையானை மீதேறி இரவில் ஊரைக் காக்கும் தெய்வம் அவர். சிலப்பதிகாரத்தில் பாசண்டச் சாத்தன் என்ற தெய்வம் வருகிறது. மாலதி என்ற பார்ப்பனி பால் ஊட்டுகையில் விக்கி இறந்த மாற்றாள் குழந்தையின் வடிவை அத்தெய்வம் தானே எடுத்து வளர்கிறது. பின் தேவந்தியை மணந்து எட்டாண்டு வாழ்ந்து, தன் உண்மை உருவைக் காட்டிப் பிரிகிறது. குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது தமிழர் வழக்கம். அப்படிப் பார்த்தால் சாத்தன் என்ற ஆட்பெயர் தெய்வப் பெயரின் வழிவந்தது.

மூன்றில் எது சரி? ஒவ்வொன்றுக்கும் ஆதரவும் உண்டு. ஒவ்வொன்றும் தடுமாறும் இடமும் உண்டு. வணிகர் என்ற பொருள், மணிமேகலை பாடிய கூல வணிகர் சீத்தலைச் சாத்தனாருக்கும் செங்கடல் கரையில் பானையில் பெயர் கீறியவனுக்கும் பொருந்தும். ஒல்லையூர்த் தலைவனுக்கும் பாண்டியன் கீரஞ்சாத்தனுக்கும் பொருந்தாது. புத்தர் என்ற பொருளும் அந்தச் சீத்தலைச் சாத்தனாருக்குப் பொருந்தும். திருப்பரங்குன்றத்துக் குடைவரையோடு சேர்ந்த சைவ வைணவச் சூழலுக்கு நேரே பொருந்தாது. ஐயனார் என்ற பொருள் பிற்கால வழக்குக்கு மிகப் பொருந்தும். ஆனால் குகைப் பள்ளிக் காலத்திலேயே ஐயனார் வழிபாடு இன்றைய வடிவில் இருந்தது என்று காட்டும் சான்று வேண்டும்.

என் கருத்து இது: பிராகிருதத்திலிருந்து வந்ததாகக் கொண்டால், வணிகக் கூட்டத்தைக் குறித்த சொல்லும் ஆசானைக் குறித்த சொல்லும் தமிழ் ஒலிமரபுக்குள் புகும்போது ஒரே வடிவில்தான் வந்து சேரும். கேட்டவர் காதில் அவை இரண்டு சொல்லாகப் பிரிந்திருக்க வழியில்லை. பாலி நூல்களே புத்தரை வணிகக் கூட்டத் தலைவர் என்ற பொருள்படும் பெயராலும் அழைக்கின்றன. கடக்க அரிய வழியில் மக்களைப் பத்திரமாக அழைத்துச் செல்பவர் என்பது கருத்து. வணிகப் பெருவழியில் பௌத்தமும் சமணமும் பயணம் செய்தன. வணிகர் பள்ளிகளுக்குக் கொடை தந்தனர். துறவிகள் சாத்தோடு நடந்தனர். அந்த வழியில் காவல் தெய்வமும் ஆசானும் வணிகத் தலைவனும் ஒரே பெயரில் சேர்ந்தது இயல்பு.

மாசாத்துவானையே பாருங்கள். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் அவர் புகாரின் பெருவணிகர். கோவலன் கொலையுண்ட செய்தி வந்தபின் செல்வத்தையெல்லாம் தானம் செய்து பௌத்தத் துறவு மேற்கொள்கிறார். சீத்தலைச் சாத்தனார் தானியம் விற்றவர். பௌத்தக் காப்பியம் செய்தவர். இருவர் வாழ்விலும் வணிகமும் அறநெறியும் பிரிந்து நிற்கவில்லை. ஆகவே, வழித்துணை, வழிகாட்டி, காவல் ஆகிய மூன்றும் கலந்த ஒரு பெயராகவே சாத்தனைக் கொள்வது சான்றுகளுக்கு நெருக்கமானது. இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின் அது எந்தச் சமயத்துக்கும் எந்தத் தொழிலுக்கும் உரிமைப்பட்டதாக இல்லாமல் தமிழரின் பொதுப்பெயராகிவிட்டது.

மலையாள நாட்டில்

பழைய சேர நாட்டில் இப்பெயரின் கதை வேறு திசையில் போயிற்று. அங்கே சாத்தன் பெயர் மறையவில்லை. சமூகப் படிகளில் கீழே தள்ளப்பட்டது. மேல்சாதியார் வடமொழிப் பெயர்களுக்கு மாற, சாத்தனும் கொற்றனும் வயலில் உழைத்த மக்களின் பெயர்களாக நிலைத்தன. பறையி பெற்ற பன்னிரு குலம் என்ற கேரளத்தின் பழங்கதையில் வெவ்வேறு சாதிகளில் வளர்ந்த உடன்பிறப்புகளுள் ஒருவர் அகவூர்ச் சாத்தன். பன்னிருவரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதே அந்தக் கதை சொல்லும் செய்தி.

குமாரன் ஆசான் 1922இல் எழுதிய ‘துரவஸ்தா’ என்ற காவியத்தில், கலவரத்தில் வீட்டை இழந்து ஓடிவரும் நம்பூதிரிப் பெண் சாவித்திரி அடைக்கலம் புகுவது புலையர் குடிசையில். அந்தப் புலைய இளைஞன் பெயர் சாத்தன். காவியத்தின் முடிவில் சாவித்திரி அவனையே கணவனாக ஏற்கிறாள். சாதியின் அடித்தளத்தையே அசைக்க நினைத்த கவிஞர் கதைத்தலைவனுக்கு இந்தப் பெயரை இட்டது, அந்தப் பெயரில் ஏறியிருந்த இழிவை அடியோடு துடைக்கவே. 1957இல் கேரளத்தில் அமைந்த முதல் அமைச்சரவையில் பி. கே. சாத்தன் மாஸ்டர் அமைச்சராக இருந்தார். பெருஞ்சாத்தன்கள் ஆண்ட பழைய காலத்துக்குப் பின், ஒரு சாத்தன் மறுபடி ஆட்சியில் அமர்ந்தது மக்களாட்சியால்.

அதே கேரளத்தில் குட்டிச்சாத்தன் என்ற தெய்வமும் உண்டு. வடமலபாரில் தெய்யமாக ஆடப்படும் அவர், அடங்காத சிறுவனாக வருகிறார். அநீதியைப் பொறுக்காத தெய்வமாக வழிபடப்படுகிறார். எல்லை கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தபோது இந்தப் பெயர் மந்திரவாதிகள் ஏவிவிடும் பேய் என்ற பொருளோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. 1984இல் வெளிவந்து இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாகப் புகழ்பெற்ற ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ அந்தப் பெயரைக் குழந்தைகளுக்குப் பிரியமானதாக ஆக்கியது. ஆனாலும் பேய் என்ற நினைவு முழுதும் நீங்கவில்லை.

ஏன் அருகியது?

இதற்கு ஒற்றைக் காரணம் சொல்வது பிழை. சான்றுகளைக் கால வரிசையில் வைத்தால் நான்கு காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது தெரிகிறது.

முதலாவது, பக்திக் காலப் பெயர் மாற்றம். சிவனடியார், திருமால் அடியார் பெயர்களும் கோயில் கொண்ட தெய்வங்களின் பெயர்களும் பெருகியபோது சாத்தன், கொற்றன், கீரன், ஆதன், பூதன் போன்ற பழம்பெயர்கள் எல்லாமே பின்வாங்கின. இது சாத்தனுக்கு மட்டும் நேர்ந்த தனிக்கதி அன்று.

இரண்டாவது, பெயர் வேறு வடிவெடுத்தது. ஐயனார் வழிபாடு குறையவே இல்லை. அவரைக் கூப்பிடும் சொல் மாறியது. ஐயனார், ஐயப்பன், ஐயாசாமி, ஹரிஹரன், மணிகண்டன் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் அதே தெய்வத்தைத்தான் அழைத்தார்கள். நெல்லைப் பக்கம் பங்குனி உத்திரத்தன்று குடும்பம் குடும்பமாகச் சாஸ்தா கோயிலுக்குப் போகும் வழக்கம் இன்றும் தளரவில்லை. அங்கே பாபநாசம் மலையில் இருக்கும் சொரிமுத்து ஐயனாரின் பெயரால் சொரிமுத்து என்ற பெயர் வழங்குகிறது.

மூன்றாவது, ஒலி மோதல். கிறித்தவத் திருநூல் தமிழில் பரவியபோது எபிரேய மொழியில் எதிராளி என்று பொருள்படும் சொல் ‘சாத்தான்’ என்று எழுதப்பட்டது. சாத்தனுக்கும் அதற்கும் வேறுபாடு ஒரு நெடில் மட்டுமே. இரண்டுக்கும் வேரில் எந்த உறவும் இல்லை. சாத்தான்குளம் என்ற தூத்துக்குடி மாவட்டத்து ஊரின் பெயரிலேயே நெடில் வடிவம் நிற்கிறது. ஆனால் காது வேர் பார்ப்பதில்லை. மகனுக்குச் சாத்தன் என்று பெயர் வைத்தால் பள்ளியில் என்ன கேலி வரும் என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. பேச்சு வழக்கில் ‘சாத்துவது’ என்றால் அடிப்பது என்ற பொருளும் வந்துவிட்டது, அந்த அச்சத்தை மேலும் கூட்டுகிறது.

இங்கே ஒரு தெளிவு தேவை. இந்த ஒலி மோதல்தான் பெயரை அழித்தது என்று பலர் சொல்வதுண்டு. கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. தமிழகத்தில் பெயர் பின்வாங்கத் தொடங்கியது அதற்குப் பல நூற்றாண்டு முன். ஒலி மோதல் செய்தது, பெயர் திரும்பி வரும் வழியை அடைத்தது.

அப்படித் திரும்பி வர ஒரு நல்ல வாய்ப்பு இருந்தது. உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் மணிமேகலையை 1898இலும் அச்சில் கொண்டுவந்தார். 1916இல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். அதன்பின் தமிழர் பழம்பெயர்களை ஆர்வத்தோடு எடுத்துக்கொண்டனர். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். இராமையா அன்பழகன் ஆனார். அதியமானும் இளங்கோவும் நக்கீரனும் வீடுதோறும் வந்தனர். சாத்தன் வரவில்லை. இதுவே நான்காவது காரணம்: வடமொழி வேர் என்ற ஐயம் இருந்ததால் தனித்தமிழ் ஆர்வலர் இதை முன்னே வைக்கவில்லை, பேய் என்ற நினைவு இருந்ததால் மற்றவர் துணியவில்லை. மணிமேகலையைப் போற்றிய தலைமுறை மகளுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தது. அந்தக் காப்பியத்தைத் தந்தவர் பெயரை மகனுக்கு வைக்கவில்லை.

இன்று எங்கே இருக்கிறது?

தனிப்பெயராக அரிதானாலும் சாத்தன் மறைந்துவிடவில்லை. செட்டிநாட்டில் சாத்தப்பன் என்ற பெயர் நன்கு வழங்குகிறது. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் சாத்தையா என்ற பெயர் உண்டு. ஐயனாரைக் கும்பிடும் மண்ணிலும், தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து வணிகம் செய்த குடிகளிடத்திலும் இப்பெயர் தங்கியிருப்பது, அதன் பழைய இரண்டு பொருள்களையும் நினைவூட்டுகிறது.

ஊர்ப்பெயர்களில் இன்னும் அழுத்தமாக நிற்கிறது. தென்பெண்ணையாற்று அணை இருக்கும் சாத்தனூர், கல்மரத்தால் புகழ்பெற்ற பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர், மூலன் என்ற இடையன் உடலில் புகுந்து திருமூலர் ஆனார் என்று பெரியபுராணம் சொல்லும் சாத்தனூர், திருநீலநக்க நாயனார் பிறந்த சாத்தமங்கை ஆகியவை சில. ஒவ்வோர் ஊரும் எந்தச் சாத்தனால் பெயர் பெற்றது, தெய்வமா ஆளா என்று தனித்தனியே ஆராய்வது உள்ளூர் வரலாறு எழுதுவோர் கையில் இருக்கிறது. அந்த ஊரின் பழைய கோயில் எது, ஏரிக்கரைத் தெய்வம் எது, கல்வெட்டில் முதன்முதல் வரும் பெயர் வடிவம் எது என்ற மூன்றையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைக்கும்.

முடிவாக

சாத்தன் என்ற பெயரைப் பற்றிய சான்றுகள் சேர்த்துச் சொல்வது இதுதான். இதன் வேர் வணிகப் பெருவழியிலும் அறவோர் பள்ளியிலும் ஊர்க்காவல் தெய்வத்திடமும் பரவிக் கிடக்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்து மற்றவற்றை வெட்டிவிடச் சான்று இடம் தரவில்லை. வேர் எதுவானாலும், இருபது நூற்றாண்டுகளுக்கு முன்பே இது சாதி, சமயம், தொழில் என்ற எந்த வேலிக்குள்ளும் அடங்காத தமிழ்ப்பெயர். தலைவனும் புலவனும் மருத்துவனின் தந்தையும் கடலோடியும் புலையனும் இதைச் சுமந்திருக்கிறார்கள். இவ்வளவு பரந்த மக்கள் பங்கு கொண்ட பெயர்கள் தமிழில் மிகச் சிலவே. அதன்மேல் ஏறிய இழிவும் அச்சமும் பின்னால் வந்தவை. பெயருக்கு உரியவை அல்ல.

ஆகவே பழம்பெயர் தேடும் பெற்றோர் சாத்தனை ஒதுக்க வேண்டியதில்லை. தனியே வைக்கத் தயங்கினால் முன்னோர் காட்டிய வழி இருக்கிறது: பெருஞ்சாத்தன், நெடுஞ்சாத்தன், நச்சாத்தன், கீரஞ்சாத்தன். நான்கும் பாட்டிலும் கல்லிலும் உண்மையாக வாழ்ந்தவர்களின் பெயர்கள், நாவுக்கு இனியவை, கேலிக்கு இடம் கொடாதவை. பெண் குழந்தைக்கு மாசாத்தி இருக்கிறது. பள்ளியில் புறநானூறும் மணிமேகலையும் நடத்தும் ஆசிரியர்கள், பாடலைப் பாடியவரின் பெயருக்கும் ஐந்து நிமிடம் ஒதுக்கினால் இந்த அச்சம் ஒரு தலைமுறையில் நீங்கும். கபிலனையும் பாரியையும் மீட்டுக்கொண்ட தமிழுக்குச் சாத்தனை மீட்பது கடினமான வேலை இல்லை. யாராவது ஒருவர் தொடங்க வேண்டும். காரணத்தோடு தொடங்க வேண்டும்.